கோடரி நுழையாத காட்டில் தைல மரங்கள்

இகாண்டோ, தைத்தா மலை
4 ஆகஸ்ட் 2013

அன்புள்ள அக்கா,

நம் நிலத்துக்குக் கீழே இருக்கும் ஊற்றின் நீர்வரத்து, போன ஆண்டு இதே வாரத்தில் இருந்ததில் பாதியாகிவிட்டது. நேற்று காலை வாய்க்கால் குழுவின் முன்னிலையில் அளந்து சொன்னவர், நைரோபியிலிருந்து வந்திருக்கும் மர ஆய்வாளர் ஜெரோடிச். கேனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். ஆகவே இது கேள்விப்பட்ட செய்தி அல்ல.

மே மாதம் சண்டை போட்ட அன்று, "இனி போனில் பேசமாட்டேன், சொல்ல வேண்டியதை எழுது, எழுதும்போதாவது யோசிப்பாய்" என்று சொல்லி வைத்துவிட்டாய். யோசித்து எழுதுகிறேன். மலெம்பாவின் மட்டாட்டு வேனில் இந்தக் கடிதத்தோடு ஒரு பை அவகாடோவும் கொஞ்சம் காட்டு நாவலும் வருகின்றன.

ஊற்றுக்கு மேலே நீ நட்ட தைல மரங்களில் ஆறு, பக்கத்து ஃபிகியில், நம் முன்னோர் காத்த புனிதக் காட்டில், தானாக வளர்ந்த நம் மலை மரங்களில் ஆறு என்று பன்னிரண்டு மரங்களுக்குள் ஜெரோடிச் போன ஆண்டு ஊசிகள் இறக்கினார். இரண்டு ஊசிகள், ஒன்று லேசாகச் சூடாகும். வேரிலிருந்து ஏறும் தண்ணீர் அந்தச் சூட்டைத் தணிக்கும். எவ்வளவு வேகமாகத் தணிகிறதோ அவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று கணக்கு. ஓராண்டுக் கணக்கு வந்துவிட்டது. மழை இல்லாத இந்த மாதங்களில் உன் தைல மரம் ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மஞ்சள் கேன் தண்ணீர் குடிக்கிறது. மரங்கள் முப்பத்தொன்று.

கடைமடையில் ஏழு வீடுகள். போன வாரம் அவர்களுடைய முறையன்று மடை திறந்தும் ஈரம் மட்டுமே போய்ச் சேர்ந்தது. பெனினாவின் பீன்ஸ் பூவோடு நின்றுவிட்டது. இப்படியே போனால் அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஊற்று மண்ணாகிவிடும் என்பது குழுவின் பயம். மரங்களை வெட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். மே மாதம் நான் சொன்னதும் இதைத்தான், கொஞ்சம் சத்தமாக.

ஆனால் வெட்ட முடியாது. அந்தத் துண்டு நிலத்தை அப்பா ஃபிகிக்குக் கொடுத்துவிட்டார். ஃபிகிக்குள் கோடரி நுழையாது. ஆக, இந்த மலையிலேயே கோடரிக்குப் பயமில்லாமல் நிற்பவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள். ஃபிகியின் பெரியவர்கள் 24ஆம் தேதி கூடுகிறார்கள். உன் கருத்தைக் கேட்டு எழுதச் சொன்னார்கள்.

தம்பி,
மகாங்கா


லிகோனி, மொம்பாசா
15 ஆகஸ்ட் 2013

தம்பி மகாங்காவுக்கு,

உன் செய்தி அறிக்கை கிடைத்தது. அவகாடோவும் கிடைத்தது. அவகாடோ நன்றாக இருந்தது.

நான் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு மேல்வீட்டு ஸைனபு, "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்லடி, என் தம்பி நலம் விசாரிச்சிருக்கான்" என்றேன். இருபது வருஷம் வானொலிக்குச் செய்தி அனுப்பியவன் சொந்த அக்காவுக்கு எழுதினாலும் முதல் வரியில் நீர்வரத்துதான் வரும். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பரவாயில்லை, நன்றாக இருக்கிறது.

காட்டு நாவல் எதற்கு அனுப்பினாய்? சமாதானத்துக்கா, பழிவாங்கவா? அத்தனை புளிப்பு. தின்று முடித்து, கொட்டைகளை ஜன்னலோரம் கொத்தமல்லி செத்துப்போன பெயிண்ட் டப்பாக்களில் துப்பினேன்.

கருத்து கேட்கிறாயே, கேள். அந்த மரங்கள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நாற்றுகள். ஆளுக்கு ஒன்று கொடுத்து, வீட்டில் நடச் சொன்னார்கள். எல்லாரும் வழியிலேயே போட்டுவிட்டு விளையாடப் போனார்கள். முதலில் போட்டது பெனினா. ஆமாம், உன் கடைமடை பெனினாதான். அவளுக்கு அன்று அவசரம். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். இரண்டு கோடைகள் அதே ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். இன்று அவை அந்த ஊற்றில் குடிக்கின்றன என்று புகார் சொல்கிறீர்கள். வேறு எந்த வீட்டு வாசலை அவற்றுக்கு நான் காட்டினேன்?

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் சித்தப்பா மின்கம்பத்துக்கு மரம் வாங்குகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்து விலை பேசினார். மறுவாரமே அப்பா ஒரு கறுப்புக் கிடாவைப் பிடித்துக்கொண்டு, ஃபிகியைக் காக்கும் கிதூரி பெரியவரிடம் போனார். என் பெயரைச் சொல்லி அந்தத் துண்டை ஃபிகியோடு சேர்த்துவிட்டார். எல்லைக் கல்லை நகர்த்தி நட்டபோது அவர் சொன்னது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவன். "எம்மக தலையில சுமந்தது, இனி எவன் தலையிலயும் வெறகா ஏறக் கூடாது" என்றார்.

எல்லா மரமும் தண்ணீர் குடிக்கும். உன் ஃபிகியின் மரங்கள் என்ன நோன்பா இருக்கின்றன? அந்தக் கணக்கை ஏன் எழுதவில்லை? செய்தியில் பாதியை மறைப்பது உன் தொழிலுக்கு அழகா?

அக்கா,
வாக்கியோ


இகாண்டோ
27 ஆகஸ்ட் 2013

அன்புள்ள அக்கா,

ஊசி இறக்கிய பன்னிரண்டு மரங்களில் ஒரே நாளில் மிக அதிகமாகத் தண்ணீர் குடித்தது உன் தைல மரம் அல்ல. ஃபிகியின் நடுவில் நிற்கும் பெரிய நாவல். ஏப்ரலில், மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாளில். ஜெரோடிச்சிடம் நேற்று மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீ கேட்டது நியாயமான கேள்வி. முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும்.

மற்றப் பாதியையும் எழுதிவிடுகிறேன். அதே நாவல் ஜூன் பிறந்ததும் இலைகளைப் பாதி மூடிக்கொள்கிறது. இப்போது அது ஒன்றரைக் கேனோடு நிறுத்திக்கொள்கிறது. வாகையும் அத்தியும் அப்படித்தான், முன்பின்னாக. தைல மரம் நிறுத்துவதில்லை. மழை நாளில் குடிப்பதைத்தான் வறண்ட நாளிலும் குடிக்கிறது. ஊற்றில் தண்ணீர் குறையும் மாதங்களில் அது மட்டும் பந்தியிலிருந்து எழுந்திருப்பதில்லை.

இனி கூட்டம். எல்லைக் கல்லுக்கு வெளியே உட்கார்ந்தோம். குழுவிலிருந்து நால்வர், ஜெரோடிச், நான். பெரியவர்களில் கிதூரியும் நியாங்கேயும் பேசினார்கள், மற்றவர்கள் கரும்புக் கள்ளைக் கவனித்துக்கொண்டார்கள்.

கிதூரி ஜெரோடிச்சைப் பார்த்து ஆரம்பித்தார். "ஊசி குத்தறப்பவே கேட்டேன், இரும்பு உள்ள வரக் கூடாதேன்னு. இரும்பு இல்ல, எஃகுன்னு சொல்லிச்சு இந்தப் பொண்ணு. எஃகு யாரு, இரும்போட பிள்ளதானே?"

"தேனீ கொட்டுச்சுன்னு நெனச்சுக்கோயேன். ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் அதையே பேசற" என்றார் நியாங்கே.

குழுவில் ஒருவர் எழுந்து, "வெளிநாட்டு மரத்துக்கு நம்ம ஃபிகியில என்ன பாத்தியதை?" என்றார்.

கிதூரிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கூட கீழ வோய் டவுன்ல பொறந்தவன்தான். என்னை எப்ப வெட்டப் போற?"

"உன்னை வெட்டினா வெறகுக்குக்கூட ஆவாது" என்றார் நியாங்கே. நீண்ட நேரம் சிரித்தார்கள். பிறகு கிதூரி கணக்கை ஒருமுறை ஜெரோடிச்சைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கேன் கேனாக, மரம் மரமாகக் கேட்டார்.

அவருடைய தீர்ப்பை அவர் வார்த்தையிலேயே தருகிறேன். "மரம் திருடல. கொடுத்த எடத்துல நிக்குது. நெலத்தக் கொடுத்தவன் போய்ச் சேந்துட்டான். அவன் யார் பேரச் சொல்லிக் கொடுத்தானோ அந்தக் கை ஒரு கிடாவப் புடிச்சுட்டு வந்து இங்க நிக்கணும். அப்பதான் கல்லு நகரும். கல்லு நகந்தாதான் கோடரி."

நான் பிடித்து வருகிறேன் என்றேன். "நீ நட்டியா? நீ அப்பப் பால் குடிச்சுட்டிருந்த" என்றார்.

ஆகவே முடிவு உன் கையில், நிஜமாகவே கையில். அடுத்த கூட்டம் அக்டோபர் 19, சனிக்கிழமை. முழங்கால் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா?

மகாங்கா


லிகோனி
8 செப்டம்பர் 2013

தம்பி,

நாவல்தான் பெரிய குடிகாரன் என்று உன் கையாலேயே எழுதிவிட்டாய். அந்த வரியை மட்டும் ஸைனபுவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மற்ற வரிகளைப் படிக்கவில்லை என்று நினைக்காதே.

கிதூரி பெரியவர் திருடு என்று சொல்லாமல் விட்டாரே, அவருக்கு என் வணக்கம் சொல்.

நான் வரவில்லை. கடையை விட்டு வர முடியாது. படகுத்துறையில் காலையில் விற்கும் மஹம்ரி பணியாரத்தை என் பெண் சுட்டால் எண்ணெய் குடிக்கிறது, நான் சுட்டால்தான் ஆட்கள் நிற்கிறார்கள். இது ஒரு காரணம். இது சின்னக் காரணம் என்று உனக்கே தெரியும்.

அப்பா கொடுத்ததை நான் போய் எப்படித் திருப்பி வாங்குவேன்? அவர் இருந்தாலாவது, "அப்பா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, இப்ப இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லலாம். அவர் திட்டுவார், பிறகு சிரிப்பார். இல்லாதவரின் கையைத் தட்டிவிடுவது போல இருக்கிறது. வாய்க்கால் குழு உன்னை மாலை போட்டுத் தூக்கட்டும். கிடாவை என் கையில் கொடுக்காதே.

அவகாடோ தீர்ந்துவிட்டது.

வாக்கியோ


இகாண்டோ
22 செப்டம்பர் 2013

அன்புள்ள அக்கா,

இதில் புதிதாக உறுதியான செய்தி ஒன்றும் இல்லை. உன்னை வரச் சொல்லியும் எழுதவில்லை. அவகாடோ இரண்டு பை அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு விடியற்காலை ஜெரோடிச்சுடன் மேலே போனேன். இந்த மாதங்களில் எப்படி மூடுபனி இறங்கும் என்று உனக்கே தெரியும்; மழை கிடையாது, ஆனால் துணி காயாது. ஃபிகிக்குள் நாவலின் கீழே நின்றபோது என் சட்டை நனைந்துவிட்டது. மரம் முழுக்கப் பாசியும் பெரணியும். பனி அதில் சிக்கிச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஜெரோடிச் வைத்த தகரத் தொட்டியில் மழை பெய்யாத அந்தக் காலையில் தண்ணீர் நின்றது. பிறகு உன் மரங்களின் கீழே போனோம். வழவழப்பான பட்டை, தொங்கும் இலை. பனி அவற்றுக்கிடையே நுழைந்து வெளியேறிவிடுகிறது. தொட்டியின் அடி மட்டும் ஈரமாக இருந்தது. "மத்த மரம் குடிக்குது, கொஞ்சம் கொண்டும் வருது. இது குடிக்குது, அவ்வளவுதான்" என்றார் ஜெரோடிச்.

எழுத வந்தது வேறு. உன் மரங்களின் கீழே நின்றபோது அந்த வாசனை. காய்ச்சல் வந்தால் அம்மா அந்த இலையைப் போட்டுத்தான் ஆவி பிடிக்கச் சொல்வாள். அந்த மரங்களை வெட்டுவதைப் பற்றி இத்தனை மாதம் பேசியவனுக்கு அங்கே நின்றபோது வெட்டு என்று சொல்ல மனம் வரவில்லை. அதை ஜெரோடிச்சிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

திரும்பும்போது ஊற்றில் பெனினா கேனோடு உட்கார்ந்திருந்தாள். வாய்க்காலில் வராததால் கடைமடைக்காரர்கள் ஊற்றுக்கே ஏறி வருகிறார்கள். உன் கடிதத்தில் அவளைப் பற்றி இருந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"ஆமா, நாந்தான் மொதல்ல போட்டேன். அவ பொறுக்கினா. இத்தன வருஷம் கழிச்சு என் பங்குத் தண்ணியக் குடிக்கறது எந்த மரமோ, அது என் நாத்தா இருந்தாலும் இருக்கும். அவகிட்டச் சொல்லு, என் நாத்த எனக்குத் திருப்பித் தரச் சொல்லு, நானே வழியில போட்டுடறேன்."

கேன் நிரம்ப நேரமானது. அதுவரை உன்னைப் பற்றித்தான் பேசினாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ ஏறியதை அவள் மரத்தடியிலிருந்து பார்த்தாளாம். "ராணி மாதிரி போனா. கூப்பிட்டோம், திரும்பியே பாக்கல."

இன்னொன்று. வெட்டுவதானாலும் முப்பத்தொன்றையும் ஒன்றாக வெட்டக் கூடாது என்கிறார் ஜெரோடிச். சரிவு மண் இறங்கிவிடும். இந்த ஆண்டு ஊற்றை ஒட்டியவை, மற்றவை இரண்டு ஆண்டு கழித்து. அடிமரம் மறுபடி துளிர்க்கும், விடாமல் கிள்ள வேண்டும். இடையில் நம் மலை மரங்களை நட வேண்டும். நாற்றுக்கு எங்கே போவது என்று குழு யோசிக்கிறது. நாவல் கொட்டை பழசானால் முளைக்காதாம், ஃபிகிக்குள் விழுந்ததைப் பொறுக்கவும் கூடாது. உனக்கு அனுப்பிய பழம் எல்லைக்கு வெளியே பெனினாவின் வரப்பு மரத்தில் பறித்தது. இந்த வருஷத்துக் காய்ப்பு முடிந்துவிட்டது.

உன் மனம் எப்படியோ அப்படியே செய். 19ஆம் தேதி நீ வராவிட்டால் அவர்கள் ஏதும் செய்யமாட்டார்கள். யாரும் உன்னைக் குறை சொல்லவும் மாட்டார்கள். கிதூரி அதைச் சொல்லிவிட்டார்.

மகாங்கா


லிகோனி
6 அக்டோபர் 2013

தம்பி மகாங்காவுக்கு,

உன் பாணியிலேயே ஆரம்பிக்கிறேன். இன்று காலை பெயிண்ட் டப்பாக்களில் பதினோரு நாவல் கன்றுகள் நிற்கின்றன. எண்ணியது நான். சாட்சி ஸைனபு. செத்துப்போன கொத்தமல்லிதான் பிழைத்துக்கொண்டது என்று நினைத்து ஒரு மாதமாகத் தண்ணீர் விட்டிருக்கிறேன். போன வாரம்தான் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தேன். பெனினாவிடம் சொல், அவள் வரப்பு மரத்துப் பிள்ளைகளை இந்தத் தடவையும் நான்தான் பொறுக்கி வளர்க்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எங்கள் தெருவில் குழாய் வரவில்லை. ஹமிசி தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தான். இருபது மஞ்சள் கேன்களை நெருக்கி அடுக்கியிருந்தான்; மேட்டில் ஏற முடியாமல் அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நான் பின்னால் போய்த் தள்ளினேன். தள்ளும்போது கணக்கு தானாக வந்தது: இது நாலு மரம். ஒரு நாளைக்கு. மேடு ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன மாமா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டான் ஹமிசி. இங்கே வயதான பெண்களை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. "இல்லடா, இன்னும் ஏழு வண்டி இருக்கு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

அப்பாவைப் பற்றியும் யோசித்தேன். அவர் கிடாவைப் பிடித்துப் போனது மரத்துக்காக இல்லை, நான் சுமந்ததற்காக. சுமந்தது யாருக்கும் விறகாகக் கூடாது என்றார். யார் பீன்ஸும் காயலாம் என்று சொல்லவில்லை. கேட்டால் திட்டியிருப்பார், பிறகு தானே கயிறு திரித்திருப்பார்.

ஆகவே வருகிறேன். என் நிபந்தனைகள்:

கிடாவை நான் பிடித்து வருவேன். கயிற்றில் உன் கை படக் கூடாது.

நியாங்கே பெரியவர் தொடைக்கறி கேட்பார். கொடுத்துவிடு.

எந்த மரத்தையும் யாரும் திருட்டு மரம், குடிகார மரம் என்று என் முன்னால் சொல்லக் கூடாது. நான் மட்டும் சொல்வேன்.

கன்றுகள் பிழைத்ததும் எல்லைக் கல் அப்பா நட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். இன்னொரு கிடா கேட்டால் முடியாது, ஒரு கிடாதான் என்று கிதூரி பெரியவரிடம் இப்போதே சொல்லி வை.

வெட்டிய மரம் விறகாகப் போகக் கூடாது. கடைமடை ஏழு வீட்டுக்கும் கூரைக் கட்டையாகப் போகட்டும். தலைக்கு மேலே இருந்தால் அப்பா சொன்னதை மீறியதாகாது.

பெண்ணுக்கு மஹம்ரி சுடப் போன வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டேன். எண்ணெய் இன்னும் குடிக்கிறது. ஆட்கள் பழகிக்கொள்வார்கள். மலெம்பாவிடம் 18ஆம் தேதி வண்டியில் முன்பக்கம் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று டப்பாக்களுக்கு. "கூரையில கட்டிடலாமே, அக்கா" என்றான். "உன்னைக் கட்டுவேன் கூரையில" என்றேன்.

19ஆம் தேதி கல் நகருமா என்பது பெரியவர்கள் கையில். ஊற்று தேறுமா என்பது அடுத்த ஆகஸ்டில் ஜெரோடிச் அளந்த பிறகுதான் தெரியும். அதுவும் பாதிதான் தெரியும், மீதிக்கு இன்னும் இரண்டு வருஷம். அதுவரை இந்தப் பதினொன்றுக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும், முதல் இரண்டு கோடைகளாவது. ஜனவரி வரை நான் அங்கேயே தங்கிச் சுமக்கிறேன், பிறகு நீ. எந்த ஊற்றிலிருந்து என்று குழுவில் யாராவது கேட்டால், வாக்கியோ பழைய இடத்திலேயே மொண்டுகொள்வாள் என்று சொல்.

சாலையில் இறங்கியதும் கூடையோடு நில். டப்பாக்களை அடுக்கித் தலையில் வைத்துவிட்டு விலகிக்கொள். பெனினாவை மரத்தடியில் உட்காரச் சொல். இந்தத் தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

அக்கா,
வாக்கியோ